சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த என் பாடம்

போன மாதம் கவிதா போன் செய்தாள். ஓசூரில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த தொழிற்பயிற்சி மையத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான். நாங்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் பாடங்கள் இனிமேல் காது கேளாதவர், கண் தெரியாதவர், தமிழ் தெரியாதவர் எல்லோருக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம்.

“சார், உங்களுக்குத்தான் இதுல அனுபவம். எதெது பாக்கணும்னு ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுத்துடுங்க. செவுத்துல ஒட்டிடறேன்” என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். ‘வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓட வேண்டும்’ என்று முதல் வரி வந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுத்து ஓடியிருந்தாலும் ரத்னம்மாவின் விரல்கள் தப்பியிருக்காது. அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். கவிதாவுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருந்த குடும்பம். நிலம் அண்ணனுக்குப் போதும் என்றானபோது நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு ஓசூருக்கு வந்தேன். பதினோரு வருஷம் பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டை அடியில் வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி, ஒரே அடியில் வளைத்தோ வெட்டியோ கொடுக்கும் மெஷின் அது. பத்து விரலோடு அங்கிருந்து வெளியே வந்ததே எனக்குக் கிடைத்த சான்றிதழ். அதைப் பார்த்துத்தான் பயிற்சி மையத்தில் என்னை மாஸ்டராக எடுத்தார்கள்.

எடுத்தவர் நாகராஜ் சார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். தினமும் அத்திப்பள்ளி வழியாக ஸ்கூட்டரில் வருவார். வெள்ளைச் சட்டை, இரண்டு மடிப்பு மடித்த கை, பையில் பச்சை மசிப் பேனா. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் பாடம் நடத்தி முடித்ததும் சத்தமில்லாமல் வந்து நிற்பார். இருப்பதிலேயே கடைசியில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கூப்பிடுவார். “ஹேளபேடா, மாடி தோரிசு” என்பார். சொல்ல வேண்டாம், செய்து காட்டு என்று அர்த்தம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். அந்த ஆள் ஏதாவது ஒரு படியைத் தவறவிட்டால் அவனை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். என் பக்கம் திரும்புவார். “மாஸ்டரே, இன்னொரு வாட்டி” என்பார். அவ்வளவுதான். முழுப் பாடத்தையும் நான் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கவனிக்காதவன் அவன், தண்டனை எனக்கா என்று மனதுக்குள் திட்டுவேன். பிறகு பழகிவிட்டது. பழகியதே தவிர, அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

பிரஸ் பாடத்தை நாங்கள் நடத்தும் முறை இதுதான். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி, அச்சு எங்கே வந்து உட்காருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மின்சாரம். தகட்டைக் குறடால் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, கையை முழுக்க வெளியே எடுத்துவிட வேண்டும். மெஷினில் வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று என இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு உள்ளங்கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் வைக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் அறிவு. ஆனால் அவசரக்காரர்கள் இருக்கிறார்களே! பழைய மெஷின்களில் ஒரு பட்டனுக்குள் மரக்கட்டையைச் சொருகி அது அழுந்தியபடியே இருக்கும்படி செய்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கையால் பட்டன், இன்னொரு கையால் தகடு. வேலை வேகமாக ஓடும். என் கூட வேலை பார்த்தவர்களில் விரல் போனவர்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டைதான் காரணம்.

எல்லோரும் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்த காலத்தில், எங்கள் பாடங்களையும் வீடியோவாக எடுத்துப் போடலாம் என்று முடிவானது. சின்னச் சின்ன யூனிட்டுகளால் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்ப முடிவதில்லை. அவர்களுக்குப் பாடமாவது போகட்டும் என்பது எண்ணம். ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்’ என்று ஒவ்வொரு வீடியோவிலும் போட்டோம். அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். எழுதும்போது பெருமையாக இருந்தது.

என் குரல் பெரியது. நையாண்டி எனக்குக் கை வந்த கலை. வகுப்பில் நான் யாரையாவது கிண்டல் செய்தால் சிரிப்பு அடங்க நேரமாகும். கேமராவுக்கு முன்னாலும் அதையே செய்தேன். பிரஸ் பாடத்தில், எப்படிச் செய்யக் கூடாது என்பதை முதலில் நானே நடித்துக் காட்டினேன். கட்டையைச் சொருகினேன். “ஆகா! ஹீரோ சார் வேலை செய்யறதப் பாருங்க! கட்டையச் சொருகிட்டாரு, ஒரு கை மிச்சமாயிடுச்சு! என்னா மூளை! இவருக்கு நாளைக்கு மாலை போடணும், ஆஸ்பத்திரில!” என்று சொல்லிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டு விட்டு எடுத்தேன். உண்மையில் மெஷினில் மின்சாரம் இல்லை. மூன்று முறை அப்படிச் செய்துவிட்டுக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கி ‘சூப்பர்’ காட்டினேன். அதற்குப் பிறகு சரியான முறை. அது உயிர் விஷயம் என்பதால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி எச்சரித்துச் சொன்னேன்.

வீடியோவை வெட்டி ஒட்டியவள் கவிதா. “சார், அந்தத் தப்பான எடத்துல செவப்பா பெரிசா ஒரு பெருக்கல் குறி போட்டுடட்டுமா?” என்று கேட்டாள்.

“முகத்து மேல எதுக்கும்மா பெருக்கல் குறி? அதான் வாயால சொல்றேன்ல?” என்றேன்.

அவள் விட்டுவிட்டாள். வகுப்பில் என்றால் நாகராஜ் சார் கடைசி ஆளைக் கூப்பிட்டிருப்பார். கேமராவுக்கு முன்னால் கடைசி ஆள் என்று யாரும் இல்லை. படம் பிடித்தோம், பார்த்தோம், நாங்களே சிரித்தோம், போட்டுவிட்டோம்.

வீடியோ பறந்தது. சூளகிரியிலும் போச்சம்பள்ளியிலும் இருந்தெல்லாம் போன் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பழக்கமே இல்லாத ஒருவர் ‘ஹீரோ சார்’ என்று கூப்பிட்டுக் கை குலுக்கினார். பல யூனிட்டுகளில் காண்ட்ராக்ட் ஆட்களை வேலைக்குச் சேர்க்கும் நாளில், சூப்பர்வைசர் தன் போனில் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு ‘பயிற்சி பெற்றேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நான் ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு நாள் நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வயது முடிந்தும் ஆலோசகர் என்று வைத்திருந்தார்கள். ஒரு சிறிய தகட்டு யூனிட்டில் பத்து நாளுக்கு முன் காலை ஷிப்டில் பிரஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு விபத்து, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன, விசாரணைக்கு நம் இருவரையும் கூப்பிடுகிறார்கள் என்றார். பட்டனில் கட்டை சொருகியிருந்ததாம்.

“திரும்பவும் கட்டையா? எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது சார்” என்றேன்.

யூனிட்டின் ஆபீஸ் ரூமில் விசாரணை. நிர்வாக அதிகாரி நெல்லைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கே பைலை மூடிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. பக்கத்தில் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர். எதிரே ரத்னம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். பேரிகைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவள். வலது கை முழுக்கக் கட்டு. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. அவளோடு அக்கா பாக்யம்மா வந்திருந்தாள். ரோஜாத் தோட்டத்துக் கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள். அக்கா தங்கை இருவருக்கும் சின்ன வயதிலிருந்து தங்களுக்குள் பழகிய ஒரு சைகை மொழி இருந்தது.

விசாரணைத் தாளில் ‘காரணம்’ என்று ஒரு இடம். அதில் ‘வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார்’ என்று எழுதப்பட்டால் ரத்னம்மாவுக்கு அன்றோடு வேலை போகும். அதே காண்ட்ராக்டர் ஆள் அனுப்பும் வேறு எந்த யூனிட்டிலும் பிறகு சேர முடியாது. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பிக் கணவனின் தாயும் இரண்டு பெண் குழந்தைகளும். இதைப் பாக்யம்மா முதலிலேயே சொல்லி அழுதுவிட்டாள்.

“சார், இவ தப்பு பண்ணல சார். வீடியோல என்னா காட்டினாங்களோ அதையேதான் பண்ணிக்கிறா” என்றாள் பாக்யம்மா.

“ஏம்மா, வீடியோல கட்டைய வையுன்னா சொல்லிக்கிது? சும்மா கதை உடாத” என்றார் சூப்பர்வைசர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “சார், நீங்கதானே பாடம் எடுத்தது? என்ன சொல்லுதீங்க?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அது தப்புன்னு தெளிவா சொல்லியிருக்கேன் சார். ஆஸ்பத்திரிதான்னே சொல்லியிருக்கேன். போட்டுப் பாருங்க” என்றேன்.

போட்டார்கள். என் குரல் அந்த ரூமை நிறைத்தது. ‘ஆஸ்பத்திரில!’ என்ற இடத்தில் சூப்பர்வைசர் சிரித்தேவிட்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். எதிரே ஒருத்தி கையில் கட்டோடு உட்கார்ந்திருக்க, என் மேல் பழி இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ரத்னம்மா எழுந்து வந்தாள். லேப்டாப்பில் இருந்த என் முகத்தைக் காட்டினாள். என்னைக் காட்டினாள். இடது கையால் கட்டையைச் சொருகுவதைச் செய்து காட்டினாள். கட்டுப் போட்ட கையை உள்ளே விட்டு எடுத்தாள். மூன்று முறை. பிறகு என் முகத்துக்கு நேராகப் பல்லைக் காட்டிச் சிரித்து, இடது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அச்சு அசலாக நான்.

நாகராஜ் சார் எழுந்து வந்து லேப்டாப்பின் சத்தத்தை முழுக்க நிறுத்தினார். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டார். “மாஸ்டரே, பக்கத்தில வந்து நோடி” என்றார்.

பார்த்தேன். சீருடை போட்ட ஒரு பெரிய மனிதர், கழுத்தில் அடையாள அட்டையோடு, பட்டனில் கட்டையைச் சொருகுகிறார். சந்தோஷமாக வேலை செய்கிறார். சிரிக்கிறார், சூப்பர் என்கிறார். பிறகு அதே மனிதர் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்துகிறார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. விரலை ஆட்டி ஆட்டி மிரட்டுகிறார். இப்படிச் செய்தாயோ தொலைந்தாய் என்கிறார்.

“சொல்லுங்க மாஸ்டரே. இதில எது சரி, எது தப்பு?” என்றார் நாகராஜ் சார்.

அப்போதும் ஒரு கடைசித் தப்பித்தல் தேடினேன். “கீழ எழுத்து போட்டிருந்தா படிச்சிருப்பாங்க சார்” என்றேன்.

பாக்யம்மா தலையை ஆட்டினாள். “எங்க ஊட்ல பேசறதே தெலுங்கு சார். இஸ்கூலுக்கு நாலு வருசம் போனா. காது கேக்காதவளுக்கு யாரு சொல்லித் தந்தாங்கோ? அவ பேரு எழுதுவா, பஸ் போர்டு பாப்பா. அவ்ளோதான். பாத்துதான் கத்துக்குவா. ஒருக்கா பாத்தான்னா மறக்கவே மாட்டா. எங்கூட்டுல தையல் மிசின்கூட இவதான் பாத்துப் பாத்துக் கத்துக்கினா.” பிறகு தங்கையின் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “அவ பேசறதே இந்தக் கையாலதான் சார்” என்றாள்.

அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் விரல் போன பல பேரைப் பார்த்திருக்கிறேன். பேச்சில் பாதி போன ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரி என் பக்கம் குனிந்தார். மெதுவான குரலில், “சார், இதெல்லாம் ரெக்கார்டுல ஏத்தினா உங்களுக்குத்தான் சங்கடம். ரிட்டயர் ஆகப்போற நேரம். ரெண்டு பக்கமும் நோகாம எழுதிருவோம்ங்கேன்” என்றார். நாகராஜ் சார் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பச்சைப் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்க வெளியே போய்விட்டார். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.

ரத்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தவர் நேரில் வந்திருக்கிறார், அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நம்பும் முகம் அது.

எழுதினேன். ‘இவர் காது கேளாதவர் என்பதால் என் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பாடத்தில் எச்சரிக்கை குரலில் மட்டுமே இருந்தது. அது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாகராஜ் சார் திரும்பி வந்து நின்றபடியே படித்தார். முதல் வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தார்.

“புரிஞ்சுக்கலயா? நீங்க காட்டினதை ஒரு படிகூட விடாம மாடி தோரிசிட்டாங்க. இவங்களுக்கு மேல புரிஞ்சுக்கிட்ட ஸ்டூடண்ட் நமக்கு யாரு? பாடம்தான் தப்பு. அதை எழுதுங்க” என்றார்.

மறுபடியும் எழுதினேன். ‘இவர் என் பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டார். நான் தவறாகக் கற்பித்தேன்.’ என் சர்வீஸில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இப்படி எழுதியது அந்த ஒரு முறைதான்.

‘வேண்டுமென்றே’ என்ற சொல் அந்தத் தாளில் ஏறவில்லை. கை ஆறிய பிறகு ரத்னம்மாவை அதே யூனிட்டில் சரக்குப் பரிசோதிக்கும் பிரிவில் போட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீடியோவை இணையத்திலிருந்து அன்றே நீக்கிவிட்டு, எல்லாப் பாடத்தையும் திரும்ப ஆரம்பித்தோம். கவிதா, இது உனக்கு: முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு முழுக்கப் பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேள். அளவெடுக்கும் முறை பற்றிய என் பாடத்தைக் கண்ணை மூடிக் கேட்டபோது, ‘இதை இப்படிப் பிடித்து அங்கே வைத்து’ என்று வந்தது. எதை, எப்படி, எங்கே? ஒரு எழவும் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் நல்ல வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாமே பார்ப்பது போதாது. நமக்குத்தான் விடை முன்னாலேயே தெரியுமே! அதனால் ரத்னம்மாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரிகைக்குப் போய் அவள் வீட்டு வாசலில் லேப்டாப்பை வைத்து ஓடவிடுவேன். அவள் பார்த்துவிட்டுச் செய்து காட்டுவாள். அவள் செய்வது எதுவோ அதுதான் என் பாடம். தவறினால் நான் திரும்ப எடுப்பேன். நாகராஜ் சார் இத்தனை வருஷம் ஏன் என் பக்கமே திரும்பினார் என்று அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது.

புதிய பிரஸ் பாடத்தில் தவறான முறைக்குப் பெரிய சிவப்புக் குறி போட்டு, முகத்தையும் சோகமாக வைத்துக்கொண்டு நடித்திருந்தேன். ரத்னம்மா பார்த்துவிட்டு அக்காவிடம் ஏதோ கேட்டாள்.

“தப்பா செய்யறத எதுக்கு காட்டறீங்கன்னு கேக்கறா சார்” என்றாள் பாக்யம்மா.

“தப்பு எதுன்னு தெரியணும்ல?” என்றேன்.

ரத்னம்மா உள்ளே போய் ஒரு முள்ளங்கியைக் கொண்டுவந்தாள். அதை லேப்டாப் திரையில் அச்சுக்கு அடியில் வைப்பதுபோல் வைத்து, முஷ்டியால் குத்தினாள். நான் இரண்டு வாரம் பிடிவாதம் பிடித்தேன், என் நடிப்பை விட மனமில்லாமல். கடைசியில் அவள் சொன்னபடியே எடுத்தோம். புதிய பாடத்தில் யாரும் தவறு செய்வதில்லை. அச்சு இறங்குகிறது, முள்ளங்கி கூழாகிறது, அவ்வளவுதான். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதி நிறுத்தத்தான் ஆசை. முடியாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். எங்கள் இடத்திலிருந்து எடுத்துவிட்டோமே தவிர, பழைய வீடியோ ஊரெல்லாம் கிடந்தது. குரலைத் தூக்கிவிட்டுப் பாட்டுப் போட்டு ஒருவர் விட்டிருந்தார். வேடிக்கையாக இருக்கிறதென்று என் ஹீரோ பகுதியை மட்டும் வெட்டி இன்னொருவர் விட்டிருந்தார். கண்ணில் பட்ட இடமெல்லாம் எழுதிக் கெஞ்சினேன். சிலர் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுப் போச்சம்பள்ளியில் பஸ்ஸுக்கு நின்றேன். சாயங்காலம், ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். முப்பது வயது இருக்கும், ஒடிசாக்காரர். முகம் மலர்ந்து ஓடி வந்தார்.

“சார்! வீடியோ சார்! நம்பர் ஒன்!” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். எனக்கு இந்தி தெரியாது. தன் போனை எடுத்துக் காட்டினார். பாட்டுப் போட்ட வீடியோ. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்ததை எனக்கே காட்ட வேண்டும் என்று ஆசை அவருக்கு. இடது கையால் கட்டையைச் சொருகிக் காட்டினார். வலது கையை உள்ளே விட்டு எடுத்தார். பல்லைக் காட்டிச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கினார்.

“வேணாம்ப்பா, தப்பு, தப்பு” என்றேன். அவர் சிரித்தார். கையை ஆட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் வீடியோவில் வரும் வேடிக்கை போலவே பார்த்துச் சிரித்தார். என் முகத்தை அவர் நம்பப் போவதில்லை. அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான்தானே கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

ரத்னம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். என் போனை அவர் கையில் கொடுத்தேன். என் வீடியோ ஓடிக்கொண்டிருந்த அவர் போனை வாங்கிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அவள் பார்த்தாள். இடது கையால் கட்டையைச் சொருகினாள். வலது கையை உள்ளே விட்டாள். சிரித்தாள். அந்த ஆளும் சந்தோஷமாகத் தலையாட்டினார். மூன்றாவது முறை கையை வெளியே எடுத்து, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விரித்துக் காட்டினாள்.

அவர் சிரிப்பு நின்றது. அந்தக் கையைப் பார்த்தார். தன் போனில் சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். கம்பெனி பஸ் வந்து நின்றது, கூட நின்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், அவர் நகரவில்லை. பிறகு தன் வலது கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை விரித்து, அவளுக்குக் காட்டினார்.

ரத்னம்மா திரையில் இருந்தபடியே அவர் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐந்தும் இருந்தன. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.